ஊசியைத் தூக்கி வைத்த மாலைகள்

அன்புள்ள ஹரிக்கு,

"ஹரிக்கு எதுக்காக்கும் இத்தனை பேடி, அங்கிளே?" என்று போன சனிக்கிழமை ரேஷ்மா என்னிடம் கேட்டாள். எதற்கு இவ்வளவு பயப்படுகிறான் என்று. அவள் இங்கே வந்திருந்தது உனக்குத் தெரியாது. கழக்கூட்டத்திலிருந்து பஸ் பிடித்து, கிழக்கேகோட்டையில் இறங்கி, மத்தியான வெயிலில் ஸ்ரீவராகம் வரை தனியாக நடந்து வந்தாள். உன் அம்மா கொடுத்த மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமலேயே கேட்டாள். இத்தனை வருஷம் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன் நான். பதில் தெரியாத கேள்வி வந்தால் "நாளைக்குச் சொல்றேன்" என்று தப்பித்துக்கொள்ளத் தெரியும். அவளிடமும் அதையே சொன்னேன். சிரித்துவிட்டாள். "நீங்களுமா அங்கிளே? அவனும் எல்லாத்துக்கும் நாளைக்கு, நாளைக்குன்னுதான் சொல்றான்." அடுக்களையிலிருந்து உன் அம்மா, "ரெண்டு பேரையும் ஒரே அச்சுல வார்த்திருக்கும்மா, நீ யோசிச்சு முடிவு பண்ணு" என்று குரல் கொடுத்தாள்.

சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. அவள் சொன்னதை நான் உன்னிடம் மறைக்கப் போவதில்லை. "ஹரிகிட்ட சொல்லிக்கோங்கோ, குழப்பமில்லை" என்று அவளே அனுமதி கொடுத்திருக்கிறாள். கல்யாணத்தை முதலில் விஷு கழியட்டும் என்றாயாம். பிறகு ஓணம் கழியட்டும் என்றாய். இப்போது வேறு ஃப்ளாட்டுக்கு மாறிவிட்டு என்கிறாய். நெடுமங்காட்டில் அவளுடைய அப்பா மண்டபக்காரரிடம் போய் நிற்க வெட்கப்பட்டுக்கொண்டு, தூரத்திலிருந்தே போன் செய்து தேதியை மாற்றிக்கொண்டிருக்கிறார். "என்னைப் பிடிக்கலைன்னா சொல்லட்டும். பிடிச்சிருக்கு, அது எனக்கு அறியும். ஆனா எதையோ சரியாக்கிட்டு வரேன், சரியாக்கிட்டு வரேன்னு திரும்பிப் போயிண்டே இருக்கான். இனி ஒரு தடவை தேதி மாத்தினா, எனக்கு வேண்டாம் அங்கிளே. அழலை நான். சும்மா சொல்றேன்." உண்மையிலேயே அவள் அழவில்லை. பரீட்சைத் தாளில் கடைசி வரியை எழுதிவிட்டு பேனாவை மூடுகிற பெண்ணைப்போல நிதானமாக இருந்தாள். அந்த நிதானம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

நீங்கள் இருவரும் பொன்முடிக்குப் போன கதையையும் சொன்னாள். கல்லாற்றங்கரையில் நிறுத்தி டீ குடித்தீர்களாம். மேலே மலை முழுக்கப் பனிமூட்டம். இன்றைக்குப் போனால் ஒன்றும் தெரியாது, வெளிச்சமான ஒரு நாளில் வரலாம் என்று வண்டியைத் திருப்பிவிட்டாய். அதன்பிறகு போகவே இல்லை. "மேலே மஞ்சு இருந்தா மஞ்சைப் பார்த்துட்டு வரலாமே! நான் எந்தா, போட்டோ எடுக்கவா வந்தேன்?" என்றாள். உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பிறகு ரேஷ்மா, கதையோடு கதையாக, உன் கிதாரைப் பற்றிச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை பால்கனியில உக்காந்து எடுப்பான். நன்னா வாசிப்பான். ஒரு இடம் வந்ததும் நிப்பான். திரும்ப அதே இடம். திரும்ப அதே இடம். அந்தப் பாட்டு எங்க போய் முடியும்னு எனக்கு இதுவரைக்கும் அறியாது." அவளுக்கு அது ஒரு சின்னக் கேலி. எனக்கு அது கேலியாகப் படவில்லை. ஏனென்றால் உன்னை அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பக் கொண்டுபோய் விட்டவன் நான்.

மாடியில் குடியிருந்த கப்பல்காரரை உனக்கு நினைவிருக்கும். பல மாதங்கள் கடலில் இருப்பார், சில வாரங்கள் இங்கே இருப்பார். இருக்கிற வாரங்களில் மாடியிலிருந்து டிரம் சத்தம் உத்திரத்தில் வந்து இறங்கும். "இவா எல்லாம் எதுக்கு இப்படிச் சண்டை போட்டுக்கறா?" என்று உன் அம்மா கேட்பாள். அவர் கொச்சிக்கு வீடு மாறிப் போனபோது ஓர் அட்டைப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும், நாலு வேகம் வைத்த பழைய ரெக்கார்டு பிளேயரையும், ஸ்பீக்கர் பெட்டிகளையும் நம்மிடம் பத்திரமாக வைக்கச் சொன்னார். மழைக்காலம் முடிந்தும் எடுத்துப் போக வரவில்லை. நான் போன் செய்தபோது, "சாரே, அது இனி எனக்கு வேண்டா. பையனுக்குக் கொடுத்தேக்கூ" என்றார். அந்தப் பெட்டியை நீ திறந்த மாலை எனக்குக் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. கறுப்புத் தட்டுகளைவிட அட்டைகளைத்தான் முதலில் பார்த்தாய். கடற்கரை மணலில் தனியாக நிற்கும் ஒரு மரக்கதவு ஓர் அட்டையில். இன்னொன்றில் நீளமுடி வைத்த நான்கு பேர் வெள்ளம் வடிந்த தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அட்டைகளுக்குள்ளிருந்து உப்பும் பூஞ்சைக்காளானும் கலந்த ஒரு வாசனை வந்தது. பூஞ்சையைப் பார்த்த உன் அம்மா மறுநாளே தட்டுகளையெல்லாம் கிணற்றடியில் பாத்திர சோப்புப் போட்டுக் கழுவி, அப்பளம் காயவைப்பதுபோல வேஷ்டியில் பரப்பி வெயிலில் வைத்துவிட்டாள். அதில் ஒன்று அப்பளமாகவே வளைந்துபோனது. மற்றவை பிழைத்தன.

கிதாரைச் சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் பழைய சாமான் விற்கும் கடையில் வாங்கினோம். பாளையத்தில் ஒரு கிளாஸில் சேர்த்துவிட்டேன். ஒரு மாதத்தில் நின்றுவிட்டாய். "அங்க பாட்டே வாசிக்க மாட்டா அப்பா, கோடு போட்ட நோட்டைப் பார்த்துண்டே இருக்கணும்" என்றாய். வீட்டில் அப்போது இணையம் கிடையாது. பத்தாம் வகுப்பு முடியட்டும் என்று நான் தள்ளிப்போட்டிருந்தேன். ஆகவே உனக்கு இருந்த வாத்தியார்கள் அந்தக் கறுப்புத் தட்டுகளில் இருந்தவர்கள்தான். அவர்கள் பேச மாட்டார்கள், சந்தேகம் கேட்டால் சொல்ல மாட்டார்கள், கையை எங்கே வைக்க வேண்டும் என்று காட்ட மாட்டார்கள். வாசித்துக்கொண்டே போய்விடுவார்கள். நீ காதில் விழுந்த ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு, கம்பியில் அதைத் தேட வேண்டும். தேடுவதற்குள் தட்டு வெகுதூரம் சுழன்றுபோயிருக்கும். ஊசியைத் தூக்கிப் பழைய இடத்தில் வைக்க நீ கிதாரைக் கீழே வைப்பாய். வைத்துவிட்டு மறுபடி கிதாரை எடுப்பதற்குள் அந்த இடம் திரும்பவும் கடந்துபோய்விடும். இந்த வாத்தியத்துக்கு இரண்டு கையும் வேண்டும். இசைத்தட்டுக்கு மூன்றாவது கை ஒன்று வேண்டும்.

"அப்பா, கொஞ்சம் ஊசியை வெச்சுத் தாயேன்" என்று நீ கேட்டது அப்படித்தான். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நாற்காலியை பிளேயர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் இருந்த சிவப்புப் பேனாவை வாயில் கவ்விக்கொண்டு, ஊசியைத் தூக்கி வைத்தேன். அன்றைக்கு உட்கார்ந்தவன் நீ பள்ளிக்கூடம் முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை என்று சொல்லலாம். மாலையில் நான் பள்ளியிலிருந்து வந்து காப்பி குடித்ததும் ஆரம்பிப்போம். "ஊசி போட டாக்டர் உக்காந்தாச்சா? பேஷண்டைக் கூப்பிடுங்கோ" என்பாள் உன் அம்மா. நான் அந்த வேலையில் தேர்ச்சி பெற்றேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தட்டின் முகம் படிக்கக் கிடைக்கும். சத்தம் அதிகமான இடங்கள் சாம்பல் பூசியதுபோல மினுமினுக்கும். மெதுவான இடங்கள் எண்ணெய் தடவியதுபோலக் கறுப்பாக இருக்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வழவழப்பான ஒரு வளையம். நீ "அந்த இடம்" என்று சொல்லி முடிப்பதற்குள் என் விரல் அங்கே இறங்கியிருக்கும். ஒரு ஸ்வரம்கூட எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்த ஸ்வரம் தட்டில் எங்கே குடியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெருவாசிகளின் பெயர் தெரியாமல் வீட்டு வாசல்களை மட்டும் அறிந்திருக்கும் தபால்காரர் மாதிரி.

ஒரு பாட்டில் கிதார்காரர் மற்றவர்களையெல்லாம் விட்டுவிட்டுத் தனியாகப் பறந்து போகும் பகுதி இருந்தது. அந்த வேகம் உன் காதுக்கே எட்டவில்லை. பிளேயரில் பதினாறு என்று ஒரு வேகம் இருக்கிறதே, தட்டு வழக்கமாகச் சுற்றும் முப்பத்துமூன்றில் ஏறக்குறைய பாதிதானே என்று நான் குமிழைத் திருகினேன். சுழற்சி பாதியானால் ஸ்வரம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். அதை வகுப்பில் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அன்றுதான் காதால் கேட்டேன். பறவையாக இருந்தது யானையாக மாறி, அறைக்குள் மெல்ல நடந்து வந்தது. ஸ்வரங்களுக்கு நடுவே இருந்த வெளியெல்லாம் திறந்துகொண்டது. விரல் கம்பியில் உரசிப் போகும் ஓசை, அந்த மனிதர் மூச்சு இழுப்பது, எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிடுவது, எல்லாம் கேட்டது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அந்த மழையும் பாதி வேகத்தில் பெய்வதுபோல எனக்கு ஒரு மயக்கம். அப்போது நீ துள்ளிக் குதித்தாய். "அப்பா! இந்தாள் தப்புப் பண்ணிட்டான்!" என்றாய். மறுபடி வைத்தேன். ஆமாம், அவருடைய விரல் ஒரு கம்பி தவறி, வேண்டாத ஒரு ஸ்வரத்தில் இடித்துவிட்டு ஓடியது. முழு வேகத்தில் யாருக்கும் தெரியாது. எவ்வளவு சந்தோஷம் உனக்கு! உலகத்தில் வேறு யாரும் கண்டுபிடிக்காத ஒரு தீவைக் கண்டுபிடித்தவனைப்போல இருந்தாய். பிறகு நீ செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அந்தத் தப்பையும் சேர்த்துப் பாடம் பண்ணினாய். அவர் தவறியதுபோலவே துல்லியமாகத் தவற வேண்டும் என்று, சரியாக வரும்வரை, "இன்னொரு தடவை அப்பா, இன்னொரு தடவை" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாய். நானும் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தேன்.

கரண்ட் போகும் மாலைகள் இன்னும் அழகு. தட்டு உடனே நிற்காது. பாடுகிறவரின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, தூக்கத்தில் பேசுகிறவன் குரலாகி, குளத்தின் அடியில் போய் அமரும். நீ கிதாரின் முறுக்காணியைத் தளர்த்திக்கொண்டே அந்தக் குரலோடு கூடவே கீழே இறங்குவாய். இருட்டில் இரண்டும் சேர்ந்து அடங்கும். பிறகு உன் அம்மா கொண்டுவந்து வைக்கும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், இடது கை விரல் நுனிகளால் எவர்சில்வர் டம்ளரைத் தட்டிக் காட்டுவாய். "பார்த்தியா, கல்லு மாதிரி ஆயிடுத்து." டம்ளர் டக் டக் என்று ஒலிக்கும். கரண்ட் திரும்பி வரும்போது, ஊசி இருந்த இடத்திலிருந்தே அந்தக் குரல் குளத்தடியிலிருந்து எழுந்து, முனகி, பாட்டாகும். நான் உடனே ஊசியைத் தூக்கிவிடுவேன். நம்முடைய இடம் அது இல்லை அல்லவா?

காலேஜ் டே நிகழ்ச்சிக்கு என்னையும் அம்மாவையும் அழைத்திருந்தாய். நீங்கள் நான்கு பேர் மேடையில். டிரம் வாசித்த பையன் கண்ணாடி போட்டுக்கொண்டு சாதுவாக இருந்தான். அடிக்கத் தொடங்கியதும் வேறு ஆளாகிவிட்டான். நீ பறக்க வேண்டிய பகுதி வந்தது. அழகாகத்தான் போனாய். ஓரிடத்தில் விரல் வழுக்கியது. நீ நிறுத்தினாய். நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பி, கூட்டத்தில் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்த்தாய். என் மடியில் இருந்த வலது கை, நான் சொல்லாமலேயே, மேலே எழுந்தது. தூக்குவதற்கு அங்கே ஊசி இல்லை. கண்ணாடிக்காரப் பையன் அடித்துக்கொண்டே போனான், மற்ற இருவரும் அவனோடு போனார்கள். நீ திரும்ப உள்ளே நுழைவதற்குள் உன் பகுதி முடிந்துவிட்டது. கூட்டம் கைதட்டியது. பாதிப்பேருக்கு ஏதோ நடந்தது என்றே தெரியாது. ஆட்டோவில் வரும்போது கேட்டேன்.

"என்னடா, நடுவுல நிறுத்திட்டே?"

"தப்பு வந்துடுத்து."

"வந்தா?"

"திரும்ப அங்கேர்ந்து எடுக்கலாம்னு நெனச்சேன்."

"அவா மூணு பேரும் உனக்காகத் திரும்பி வருவாளா?" என்று உன் அம்மா கேட்டாள். ஆட்டோக்காரர்கூடச் சிரித்தார். நீயும் சிரித்தாய். எனக்கு அது ஒரு பிள்ளைத்தனமாக, பிரியமாக இருந்தது. என்னைத் தேடினான் பார், என்று உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பகுதியை எடுத்துவைத்து, நீ வழுக்கிய இடத்தைச் சரிசெய்ய மறுபடியும் உட்கார்ந்துவிட்டோம்.

வகுப்பறையில் நான் இதற்கு நேர்மாறாகத்தான் இருந்தேன், அதுதான் வேடிக்கை. கணக்குப் போடும்போது நடுவில் ஒரு குறி தப்பாகிவிட்டால், டஸ்டரை எடுத்துப் பலகை முழுவதையும் அழிக்கிற பிள்ளைகள் உண்டு. அவர்கள் கையைப் பிடித்துக்கொள்வேன். "அழிக்காதே. தப்பின் மேலே ஒரு கோடு போடு. அடுத்த வரிக்குப் போ. நான் படிக்குப் படி மார்க் போடுவேன்" என்பேன். கெட்டிக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். எல்லாம் தெரியும். விடைத்தாளில் எழுதுவாள், பார்ப்பாள், பிடிக்காது, பக்கம் முழுவதையும் அடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எழுதுவாள். மணி அடிக்கும்போது அவளிடம் மிக அழகான முதல் பாதி இருக்கும். அவளிடம் நான் எவ்வளவோ பொறுமையாகப் பேசியிருக்கிறேன். பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, உன் பக்கத்தில் உட்கார்ந்து, நீ ஒரு விரல் தவறினால் உலகத்தையே பின்னால் நகர்த்தி வைத்தேன். கேட்டவுடனே பழைய இடம் திரும்பக் கிடைத்தது உனக்கு. அது எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று உன் விரல்கள் நம்பிவிட்டன. ரேஷ்மா கேட்ட கேள்விக்கு நான் யோசித்து வைத்திருக்கும் பதில் இதுதான்: உனக்குப் பயம் இல்லை. உன் கைக்கு அப்படிப் பழக்கமாகிவிட்டது.

பயம் என்றால் எனக்குத் தெரியும். என் கல்யாணத்தில் நான் பட்டது பயம். திருநெல்வேலியில் உன் அம்மா வீட்டார் கூட்டம் முழுவதும் சுற்றி நின்றது. நாதஸ்வரம் காதைப் பிளந்தது. தாலியின் முதல் முடிச்சைத் தொளதொளவென்று போட்டுவிட்டேன். அதை அவிழ்த்து ஒழுங்காகப் போடலாம் என்று விரல் திரும்பிப் போனது. சாஸ்திரிகள் என் மணிக்கட்டில் தட்டி, "மேல போங்கோ, மேல போங்கோ, முகூர்த்தம் நமக்காக நிக்காது" என்றார். போனேன். மிச்சத்தை உன் அத்தை பின்னாலிருந்து இறுக்கினாள். அந்த முதல் முடிச்சைப் பற்றி உன் அம்மா இன்றுவரை என்னைக் கிண்டல் செய்கிறாள். அவளோடு சண்டை போட்ட நாட்களில், "அன்னிக்கே சரியா முடிச்சுப் போடத் தெரியலே" என்று ஆரம்பிப்பாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். சரியாகப் போட்டிருந்தால் அந்தச் சிரிப்பு எங்களுக்குக் கிடைத்திருக்குமா என்று நான் சில சமயம் நினைத்துக்கொள்வேன். ஆனால் இது உனக்கு உபதேசம் இல்லை. நினைவு வந்தது, எழுதினேன்.

ரேஷ்மாவை பஸ் ஏற்றிவிட்டு வந்தபிறகு, எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பிளேயரின் மேல் மூடியிருந்த துணியை எடுத்தேன். கடற்கரைக் கதவு அட்டைக்குள்ளிருந்து அந்தத் தட்டை எடுத்து வைத்தேன். நம் இடத்தைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. விளக்கைச் சாய்த்துப் பார்த்து, இடத்தைக் கண்டுபிடித்தேன். கண் இன்னும் படிக்கிறது. கை கேட்கவில்லை. இதை உனக்குப் போனில் சொன்னதில்லை: இந்த மழைக்காலத்திலிருந்து என் வலது கையில் ஒரு நடுக்கம். டாக்டரிடம் காட்டினேன், வயசுதான், பயப்பட ஒன்றும் இல்லை என்றார். காப்பி டம்ளரைப் பாதிதான் நிரப்புகிறாள் உன் அம்மா. ஊசியை இறக்கியபோது கை ஆடி, அது நம் இடத்துக்கு வெகு முன்னால், பாட்டின் தொடக்கத்துக்குப் பக்கத்திலேயே எங்கோ விழுந்தது. தூக்கி மறுபடி வைக்கலாம் என்று கையை நீட்டினேன். இன்னும் மோசமாக விழுந்து தட்டில் கீறிவிடுமோ என்று தோன்றியது. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

பாட்டு போனது. சாயங்கால வெளிச்சம் ஜன்னல் கம்பிகளின் வழியாகத் தட்டின்மேல் விழுந்து, தட்டோடு சுற்றாமல், ஒரே இடத்தில் வழுக்கிக்கொண்டிருந்தது. நாம் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட பகுதி வருவதற்குமுன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன். வந்தது. நம் ஊசி உழுது உழுது அங்கே மட்டும் சரசரவென்று ஒரு மழைச் சத்தம் சேர்ந்திருக்கிறது. அந்த மனிதர் செய்த தப்பு வந்தது. கண் இமைப்பதற்குள் போய்விட்டது. பதினாறில் அவ்வளவு பெரிதாக, அறை நிறைய நின்ற தப்பு, தன் வேகத்தில் போகும்போது ஒரு தூசி. அதன்பிறகு, ஹரி, அவர்கள் மேலே போனார்கள். நாம் எப்போதும் ஊசியைத் தூக்கிய இடத்தைத் தாண்டிப் போனார்கள்.

அங்கே என்ன இருந்தது தெரியுமா? நாமும் முதல் நாள் கேட்டிருப்போம், ஆனால் என் காதில் தங்கியதே இல்லை. டிரம் மெதுவாக விலகிக்கொள்கிறது. பறந்துகொண்டிருந்த கிதார் இறங்கி, இரண்டே இரண்டு கம்பிகளில், ஊஞ்சல் ஆடுவதுபோல ஆடத் தொடங்குகிறது. யாரும் எதையும் நிரூபிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண்குரல், சொற்கள் இல்லாமல், தூரத்து வீட்டில் யாரோ குழந்தையைத் தூங்கவைப்பதுபோல, முனகிக்கொண்டு வந்து சேர்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று முந்தாமல், வெகுநேரம், ஈரக்காற்றில் துணி அசைவதுபோல அசைந்துகொண்டிருக்கின்றன. எனக்குக் கண் மூடிக்கொண்டது. தூங்கினேனா என்று தெரியாது. கல்லாற்றில் தண்ணீருக்குள் கால் வைத்து உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. மேலே பனிமூட்டம், அதற்குள் யாரோ நடந்து போகிறார்கள், அவர்கள் குரல் மட்டும் கேட்கிறது. அவ்வளவு கடினமான ஒரு பகுதியைத் தாண்டினால் இவ்வளவு சுலபமான ஒன்று காத்திருக்கும் என்று நாம் இருவரும் தெரிந்துகொள்ளவே இல்லையே. பக்கம் முழுவதும் முடிந்து, ஊசி உள் வட்டத்தில் டிக், டிக் என்று தட்டிக்கொண்டிருந்தபோது உன் அம்மா வந்து எட்டிப்பார்த்தாள்.

"என்ன, இன்னிக்கு டாக்டருக்கு லீவா? ஒரு தடவைகூட எடுத்து வெக்கலையே."

"இதுக்கப்புறம் இன்னும் பாட்டு இருக்குடி."

"அது எனக்குத் தெரியுமே. மாடியில அந்த மனுஷர் போடும்போது முழுசாத்தானே கேட்பேன். நீங்க ரெண்டு பேரும்தான் அதைப் பாதியிலே வெட்டி, என்னைப் பாடாப் படுத்தினேள்." பிறகு, புடவைத் தலைப்பால் பிளேயரைத் துடைத்துக்கொண்டே, "அவன் அந்தப் பொண்ணை இழந்துடப் போறான். ஏதாவது சொல்லுங்கோ" என்றாள். குரல் தாழ்ந்துவிட்டது. உன் அம்மாவின் குரல் தாழ்ந்தால் அர்த்தம் என்ன என்று உனக்குத் தெரியும். அதனால்தான் போனில் பேசாமல் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். போனில் நீ "நாளைக்குப் பேசறேன்பா" என்பாய். நானும் "சரி" என்று வைத்துவிடுவேன்.

ஹரி, நீ ஃப்ளாட்டையும் வேலையையும் நாளையும் சரிசெய்துகொண்டு வருவதில் ஒரு நேர்மை இருக்கிறது. நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சில்லறைத்தனமாக எதையும் ஆரம்பிக்கக் கூடாது என்று நினைக்கிற பிள்ளை நீ. அந்தக் கிதாரில் ஒரே இடத்தை ஆயிரம் முறை தேடிய அதே பிள்ளை. இசைத்தட்டிடம் அப்படிக் கற்றுக்கொள்ளலாம். அது நம் வீட்டுப் பொருள், நாம் தூக்கிய இடத்திலிருந்து மறுபடி அதையே சொல்லும், சலித்துக்கொள்ளாது. மனிதர்களோடு வாசிக்கும்போது அப்படி இல்லை. அந்தக் கண்ணாடிக்காரப் பையன் உன்மேல் கோபம் கொண்டு போகவில்லை. அவன் கையில் காலம் இருந்தது, அது போய்க்கொண்டிருந்தது, அவனும் போனான். ரேஷ்மாவும் கோபமாக இல்லை. அதை நன்றாகக் கவனித்துக்கொள். நீ வந்து சேர்ந்துகொள்வாய் என்று அவள் இன்னும் தாளம் தட்டிக்கொண்டிருக்கிறாள். எத்தனை நாள் தட்டுவாள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் சேர்ந்து வாழும்போதும் விரல் வழுக்கும். நீ சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்வாய், அவள் மறக்கக் கூடாத ஒன்றை மறப்பாள், மாறிப் போன ஃப்ளாட்டில் மழை ஒழுகும். அப்போதெல்லாம் நீ தலையைத் திருப்பி என்னைத் தேடினால், நான் என்ன செய்வேன்? என் கை இப்போது ஊசியைச் சரியான இடத்தில் வைப்பதில்லை. இதை வருத்தமாகச் சொல்லவில்லை. ஒரு பக்கம் முழுவதையும் கேட்கும் பாக்கியம் அதனால்தான் எனக்குக் கிடைத்தது.

மண்டபத் தேதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அது நீயும் அவளும் சேர்ந்து சொல்ல வேண்டியது. நான் வாத்தியார், வீட்டுப்பாடம் மட்டும்தான் கொடுக்கத் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ரேஷ்மாவை எதிரே உட்காரவைத்து, போனை அணைத்துவிட்டு, உனக்குப் பிடித்த ஏதாவது ஒரு பாட்டை முதலிலிருந்து வாசி. தப்பு வரும்போது நிற்காதே, அடுத்த கம்பிக்குப் போ.

அன்புடன்,
அப்பா